மாமன் மணலும் உன் பழைய நட்சத்திரமும்

மக்களே,

பந்தல்காரர் நேற்று வந்து முற்றத்தை அளந்துவிட்டுப் போனார். பலாமரத்தின் தாழ்ந்த கொம்பை வெட்டினால்தான் பந்தல் நேராக வரும் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. பந்தல் சரிந்து நின்றால் நிற்கட்டும், காய்க்கிற கொம்பில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சபையில் உன் கல்யாண அறிவிப்பு ஓலை முதல் தடவை வாசித்தாயிற்று. வாசித்து முடித்ததும் பாதிரியார் உன் படிப்பின் பெயரைச் சொல்லப் போய், பாதியில் தடுக்கி, "வானத்தைப் படிக்கிற நம் பிள்ளை" என்று எளிதாக முடித்துக்கொண்டார். பின்வரிசைப் பெண்கள் எட்டி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒரு காரியம் மட்டும் உன் கையில் நிற்கிறது. நம் பக்கத்தில் கல்யாணத்தன்று காலை வீட்டு ஜெபம் முடிந்ததும் பெண்ணைக் கைபிடித்து வாசல் இறக்கிக் காரில் ஏற்றுவது தாய்மாமன். உனக்கு இருப்பது ஒரே மாமா, என் அண்ணன். அவர் வீட்டுக்குள் வந்தால்தான் உன் கையைப் பிடிக்க முடியும். அவரோ நீ பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நம் வீட்டுக்குள் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு நான் உனக்குச் சொல்லிவந்த காரணம் பொய். உண்மையை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். வாசித்த பிறகு அவர் வர வேண்டுமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் வாயிலிருந்து கேட்டால்தான் வருவேன் என்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை தொடங்கினேன். "என்னம்மா, சொல்லுங்க" என்றாய். நான் சாப்பிட்டாயா, பெங்களூரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மலையாளத்தில் எழுதினால் நீ வேகமாக வாசிப்பாய், பள்ளியில் படித்தது அதுதானே. தமிழ் எழுத்தை நான் வீட்டில் வைத்துச் சொல்லித்தந்தேன், அதனால் இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்கிறாய். இதை நீ நிறுத்தி வாசிக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

உன் மாமாவை நீ எப்படி அறிவாய் என்று யோசித்துப் பார்த்தேன். பைக்கில் வருவார். கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். குளச்சல் மீனோ, வரிக்கைச் சக்கைப்பழமோ, உன் பிறந்தநாள் என்றால் ஒரு துணிக்கவரோ கையில் இருக்கும். நீ ஓடிப்போய் வாங்குவாய். "மாமா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பாய். "இல்ல மக்கா, நேரமாயி. ஷிப்டு உண்டு" என்று உன் தலையைத் தடவிவிட்டு வண்டியைத் திருப்புவார். முப்பது கிலோமீட்டர் வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். ஏழு வயதில் ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய், மாமாவுக்கு நம் வீடு பிடிக்காதா என்று. மாமாவுக்குக் கூச்சம் அதிகம் என்றேன். மற்றவர்கள் வீட்டில் அவர் கூச்சப்பட்டு நீ பார்த்ததே இல்லை. இருந்தாலும் நம்பினாய். அம்மா சொன்னால் பிள்ளைகள் நம்பத்தானே செய்கிறார்கள்.

இனி போன கிறிஸ்துமஸ் லீவின் கதைக்கு வருகிறேன். நீ உன் ஆராய்ச்சியை எங்களுக்கு முதன்முதலாகப் புரிகிற மாதிரி சொன்னது அப்போதுதான். என் பள்ளி லேபில் தொங்கும் பீரியாடிக் டேபிள் சார்ட்டை நினைத்துக்கொள்ளச் சொன்னாய். பதினெட்டு வருடமாக அதன் தூசியைத் துடைக்கிறவள் நான், கண்ணை மூடினாலும் பெட்டி பெட்டியாகத் தெரியும். "அம்மா, ஆதியில அதுல ரெண்டே பெட்டிதான் உண்டு. ஹைட்ரஜனும் ஹீலியமும். மூணாவது பெட்டியில ஒரு சிட்டிகை லித்தியம். பாக்கி முழுக்கக் காலி" என்றாய். பிறகு பெரிய நட்சத்திரங்கள் வந்தன. நம் சூரியனைப் போல இருபது மடங்கு, முப்பது மடங்கு கனமானவை. அவை ஹைட்ரஜனைச் சேர்த்து ஹீலியம் ஆக்கி, ஹீலியத்தைச் சேர்த்துக் கார்பன் ஆக்கி, பிறகு ஆக்சிஜன், நியான், சிலிக்கான் என்று ஒவ்வொரு பெட்டியாக நிரப்பின. சூரியனுக்கு ஆயிரம் கோடி வருட ஆயுள் என்றால் இந்தப் பெரியவற்றுக்கு ஒரு கோடி வருடம்கூடத் தேறாது என்றாய். கனம் கூடினால் ஆயுள் கூடத்தானே வேண்டும், எரிக்க நிறைய இருக்கிறதே என்று கேட்டேன்.

"தீனியும் கூடுதலாக்கும். இருக்கியத எல்லாம் ஒரே இருப்புல தின்னு தீத்துரும். நம்ம சூரியன் உங்கள மாதிரி. ஒரு பிடிச் சோறு, ஒரு துண்டு மீனு, பாக்கிய நாளைக்கு எடுத்து வைக்கும்."

"அப்ப நான் பெரிய நட்சத்திரமாக்கும்" என்று அப்பா நாலாவது ஆப்பத்தை எடுத்தார்.

"நீங்க அதுக்கும் மேல. பிளாக் ஹோல்" என்றாய். அன்றைக்கு முழுவதும் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிப்பை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் இரும்புக்கு வந்ததும் அதன் உள் அடுப்பு அணைந்துவிடும் என்றாயே, அதைப் பற்றி. இரும்பைச் சேர்த்தால் சூடு கிடைக்காது, சூட்டைத் தின்னும். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தின் நடு ஒரு நொடிக்குள் உள்ளே இடிந்து விழும். மேலே இருந்ததெல்லாம் வெடித்துச் சிதறும். நடுவில் மிச்சம் நிற்கும் பந்து நம் பாறசாலையிலிருந்து பாலராமபுரம் வரையுள்ள தூரத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் கனத்தில் சூரியனை மிஞ்சும். அப்படி இரண்டு பந்துகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதும் இடத்தில்தான் தங்கமும் யுரேனியமும் தோரியமும் பிறக்கின்றன என்று சிலரும், சில அபூர்வமான வெடிப்புகளிலேயே பிறந்துவிடுகின்றன என்று சிலரும் சொல்கிறார்கள். "இதுல இன்னும் சண்டை தீரல்ல" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். தீராத சண்டையைக் கண்டு சந்தோஷப்படுகிற ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்காக நீ பார்க்கும் நட்சத்திரம் அந்தப் பெரியவற்றில் ஒன்று அல்ல, அவை செத்து ஆயிரத்துச் சொச்சம் கோடி வருடங்கள் ஆகிவிட்டன. அவற்றின் சாம்பலில் உருவான ஒரு சின்ன நட்சத்திரம், சின்னது என்பதால் இன்னும் உயிரோடு இருப்பது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் முன்னோர் விட்டுப்போனது என்னென்ன என்று கோடு கோடாகத் தெரியும். இது எனக்கு உடனே பிடிபட்டது. நீ நாலாம் வகுப்பில் இருக்கும்போது சனிக்கிழமைகளில் என்னோடு தனுவச்சபுரம் பஸ்ஸில் லேபுக்கு வருவாய். கம்பியை உப்பில் தொட்டுத் தீயில் காட்டுவேன். காப்பர் என்றால் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் என்றால் நல்ல சிவப்பு. உப்பின் பெயரை மறைத்துவிட்டு, தீயின் நிறத்தை வைத்து நீ சொல்ல வேண்டும். பாட்டில் மூடியைப் பார்த்து நீ கள்ளத்தனம் செய்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ்ஸில் திரும்பும்போது நீயே சொல்லிவிட்டாய்.

நான் உன்னிடம் மிகவும் மதிக்கிற காரியம் இதுதான், மக்களே, உன் ரேங்கும் ஸ்காலர்ஷிப்பும் இதற்குப் பிறகுதான். ஒன்றரை வருடம் ஒரே ஒரு கோட்டை, தோரியத்தின் கோட்டை, அளந்தாய். அளவு வந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். பிறகு ஒருநாள், அதே இடத்தில் கார்பனால் வருகிற வேறொரு கோடு மேலே விழுந்து கிடப்பதைக் கண்டுபிடித்தாய். வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் அளவு தப்பு, திரும்ப அளக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அன்று சாயங்காலம் போனில் நீ அழுதாய். நான் சமாதானம் சொன்னேன். போனை வைத்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. இவள் ஒரு தப்பை நாலைந்து நாளில் சொல்லி முடித்துவிட்டாள், நான் இத்தனை வருடமாக வாயைத் திறக்கவில்லையே என்று.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

என் பிறந்த வீடு குளச்சலுக்குக் கிழக்கே, கடலிரைச்சல் கேட்கும் தென்னந்தோப்பில் இருந்தது உனக்குத் தெரியும். அந்தக் கரையின் மணல் கறுப்பு. வெயிலில் பார்த்தால் அதற்குள் சிவப்பும் தேன்நிறமும் மின்னும். அந்தத் தேன்நிறப் பொடியில்தான் தோரியம் இருக்கிறது. உன் மாமா பத்தொன்பது வயதில் மணல் பிரிக்கும் வேலைக்குப் போனார். அவர் சம்பளத்தில்தான் நான் மார்த்தாண்டத்தில் கெமிஸ்ட்ரி படித்தேன். கடைசி வருடம் கல்லூரியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு மண்ணைக் கொண்டுவர வேண்டும். கதிர்வீச்சை எண்ணும் கருவியை ஒவ்வொன்றின் மேலும் பிடித்தார்கள். மற்றவர்கள் மண்ணில் எப்போதாவது ஒரு டிக். என் மணலில் அது நிற்காமல் அடித்தது. என் வகுப்புக்காரி ஒருத்தி, "எடீ, இவளுக்கக் கூட ராத்திரி படுக்கியவளுக்கு லைட்டே வேண்டாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஹாஸ்டலுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். பிறகு லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்து, கதிர்வீச்சும் கருவிலிருக்கும் குழந்தையும் என்று அரைப் பக்கம் படித்தேன். அரைப் பக்கம்தான். எவ்வளவு பட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அதைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணமாகிப் பாறசாலைக்கு வந்தேன். நீ வயிற்றில் வந்தாய். ஏழாம் மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவதும் முதல் பிரசவம் அங்கே நடப்பதும் நம் வழக்கம். எனக்கு அப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணனும் அவர் மனைவி மைனியும்தான். அண்ணன் ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். ஜீப் கிடைத்தது மத்தியானம்தான் என்பதால் வேலையிலிருந்து நேராக, அந்தக் காக்கிச் சட்டையோடு வந்தார். மைனி செய்த முந்திரிக்கொத்து ஒரு தூக்குவாளி நிறைய, அச்சுமுறுக்கு, ஒரு நேந்திரன் குலை. நான் உட்கார ஜீப்பின் சீட்டில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் துவைத்து நாலாக மடித்துப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, நம் வீட்டுப் படியில் கால் வைத்தார். உன் அப்பாவின் வீட்டார் எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள்.

"அண்ணா, அங்ஙன நில்லு. உள்ள வராண்டாம்" என்றேன்.

"என்னத்துக்கு மக்கா?"

"உனக்கத் துணியில மணலு காணும். எனக்கு வயித்துல பிள்ள உண்டு."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பலகாரத்தைப் படியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். காலைக் கழுவினார், கையை முட்டு வரைக்கும் தேய்த்துக் கழுவினார், முகத்தையும் கழுவினார். நீர் சொட்டச் சொட்ட வந்து நின்று, "இப்ப வரலாமா?" என்று கேட்டார்.

"சட்டையில இருக்குமே" என்றேன்.

"சட்டையையும் கழத்திட்டு சம்பந்தக்காரருக்க முன்ன நான் பயில்வான் மாதிரி நிக்கணுமா?" என்று அவர் சிரித்தார். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கலாம். உன் அப்பாகூட எழுந்து, "வாங்க அத்தான், அவ கெடக்கா" என்று கூப்பிட்டார். நான்தான் விடவில்லை. பிரசவத்துக்கு அந்தக் கரைக்கு வரமாட்டேன், நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறோம், அந்தக் கரையில் காற்றிலும் மணல்தான் இருக்கும் என்றேன். அண்ணன் பிள்ளைகள் மூன்றுபேர் அந்தக் காற்றில்தான் அப்போது வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் முகத்து நீரைக் கையால் வழித்தார். "சரி மக்கா. நீ சுகமா இருந்தா போரும்" என்றார். ஜீப்பில் ஏறும் முன் அந்த வெள்ளை விரிப்பை எடுத்து உதறி மடித்தார், ஏறியதும் மடியில் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு நான் முந்திரிக்கொத்தில் ஒன்றுகூடத் தின்னவில்லை, யாரையும் தின்ன விடவும் இல்லை. கோழிக்குப் போட்டேன். இது அண்ணனுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், இன்றுவரை அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

உன்னிடம் நான் சொன்னது, டாக்டர் பயணம் கூடாது என்று சொன்னதால் நீ இங்கே பிறந்தாய் என்று. அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. உன் ஞானஸ்நானத்துக்கு அண்ணன் வந்தார், கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தார், கேட்டுக்கு வெளியே உன்னை வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்லலாம். அவர் கோபப்படவில்லை. வெளியே நின்றார், அவ்வளவுதான். நானும் பழகிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கண்ணையும் விரலையும் நான் கவனித்துப் பார்த்தேன், ஏதாவது குறை உண்டா என்று. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டேனா, என் பயத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று ஒரு மூலையில் வருத்தப்பட்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனசு அவ்வளவு அசிங்கமாக இருக்க முடியும் என்பதை உன் கல்யாணத்துக்கு முன் நீ தெரிந்துகொள்வது நல்லது. நல்லவர்கள் வீட்டிலும் அது இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உன் சிநேகிதியிடம் இரவல் வாங்கிய, கதிர்வீச்சை எண்ணும் கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாய். மாமாவிடம் போனில் சொல்லி ஒரு பாட்டில் மணலும் வரவழைத்தாய். சாப்பாட்டு மேசையில் வைத்து அளந்தாய். அதே டிக்டிக் சத்தம். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். நீ அங்கேயும் வந்தாய். காய் நறுக்கும் கிரானைட் கல்லின்மேல் கருவியை வைத்தாய். அங்கேயும் அடித்தது, மெதுவாக. அடுத்த நாள் நெய்யாறு அணை பார்க்கக் கள்ளிக்காட்டுக்குப் போனோமே, வழியோரப் பாறையிலும் வைத்துப் பார்த்தாய். அங்கேயும்.

"மலையில உள்ளதாக்கும் அம்மா. பாறை பொடிஞ்சு ஆத்துல போவும். லேசான மணல கடல் திரும்ப இழுத்துக்கிடும். கனமுள்ளத கரையில விட்டுட்டுப் போவும். அதனாலதான் மாமாவுக்கக் கரையில குவிஞ்சு கிடக்குது."

"அப்ப நம்ம மலை மண்ணும் அங்ஙன போயிருக்குமா?"

"பின்னே. எந்த மலையில இருந்து எவ்வளவுன்னு சொல்லத் தெரியாது. ஆனா எல்லாம் ஒரே வகைப் பாறைதான். அதுக்கு முந்தி, ஒரே வகை நட்சத்திரம்."

அந்தத் தோரியத்தில் ஒரு பாதி கரைய ஆயிரத்து நானூறு கோடி வருடம் வேண்டும், பிரபஞ்சத்துக்கே இன்னும் அவ்வளவு வயதாகவில்லை, அதனால் உன் நட்சத்திரத்தில் உள்ள தோரியத்தை வைத்து அதன் வயதைச் சொல்லலாம் என்றாய். பூமி உண்டாவதற்கு முன், சூரியன் உண்டாவதற்கு முன், எங்கோ ஒரு பேரழிவில் பிறந்த பொருள் அண்ணனின் சட்டை மடிப்பில் ஒட்டி முப்பது கிலோமீட்டர் ஜீப்பில் வந்தது. நான் அதை வாசலில் நிறுத்தினேன். அது என் வீட்டு அஸ்திவாரக் கல்லில் ஏற்கெனவே இருந்தது. மணலில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீயும் அப்படிச் சொல்லவில்லை. அளந்து பார்க்க வேண்டும், அளவுக்குத் தக்க கவனமாக இருக்க வேண்டும் என்றாய். அளக்காமல் பயப்பட்டது என் தப்பு. அந்தப் பயத்தை எனக்குச் சோறு போட்ட மனிதன்மேல் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

காரில் திரும்பும்போது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். மாமா மணல் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டுத் தந்தாராம். "அம்மைக்கக் கண்ணுல காட்டாண்டாம் மக்கா, அவளுக்குப் பயமாக்கும்" என்றாராம். மாமாவுக்கு என்ன வேடிக்கையான ஜாக்கிரதை என்று நீ சிரித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாய். வளைவில் தலை சுற்றுகிறது என்றேன். அதுவும் பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கல்யாணக் கார்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். போன வருடம் ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் கார்டைக் கொடுக்கும் முன்னே அந்த நாளைப் பற்றித் தொடங்கினேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"காப்பிய ஆறப்போட்டுட்டு என்னத்துக்குக் கரையுத? இத்தன வருஷம் கழிஞ்சு கேட்டா என்ன, கேக்காட்டா என்ன" என்றார் மைனி.

"சவத்த விடு மக்கா" என்றார் அண்ணன். "அன்னைக்கு நீ படிச்சதுக்குத் தக்க பேசின. நான் படிச்சிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

"அப்ப ஏன் அண்ணா ஒரு நாளும் உள்ள வரல்ல? பிள்ளைக்க அப்பா கூப்பிட்டாங்க, பிள்ள எத்தன தடவ கையப் பிடிச்சு இழுத்தா."

"அவங்க கூப்பிட்டாங்க, சரி. வராண்டாம்னு சொன்னது நீயில்லியா? நீ வான்னு சொல்லல்லியே."

மைனி அடுக்களையிலிருந்து, "ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததாக்கும். இது சொல்லாது, அது கேக்காது" என்றார்.

நான் வா என்று சொன்னேன், மக்களே. அவர் வீட்டு முற்றத்தில், தேங்காய் மட்டைக்கு நடுவில் நின்று சொன்னேன். அவர் பாரைக்கம்பியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். வருகிறேன் என்று உடனே சொல்வார் என்று நினைத்தேன்.

"வாறேன். ஆனா பிள்ளைக்கிட்ட நீ சொல்லணும்" என்றார். "டாக்டர் சொன்னாரு, மாமனுக்குக் கூச்சம், ஷிப்டு உண்டு. எத்தன கதை. எல்லாத்துக்கும் நான் ஆமா போட்டிருக்கேன். அவ எனக்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்கும்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இனி கள்ளம் சொல்ல எனக்கு மேலா, மனசு வரல்ல. எதுக்கு இவ்வளவு நாள் வெளிய நின்னேன்னு தெரியாம அவ எனக்கிட்டக் கைய நீட்டப்பிடாது. கேட்ட பொறவும் மாமா வரட்டும்னு அவ வாயால சொன்னா, ஜெபத்துக்கு முந்தியே வந்து முன்வரிசையில இருப்பேன்."

இரண்டு நாள் நான் எழுதவில்லை. எழுதாமல் இருக்க என்னென்னவோ காரணம் தோன்றியது. பந்தல், பலகாரம், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தது. கல்யாணம் முடிந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாமே என்றும் தோன்றியது. அப்பாதான், "அவ திங்கட்கிழமக் கூட்டத்துல சொன்னாளே, உனக்கு இன்னும் எந்தத் திங்கட்கிழம வரணும்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

நீ இனி வேறொருவனோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். உனக்கு நான் சொல்வதற்குப் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. பயம் வரும்போது நீ லேபில் செய்வதையே வீட்டிலும் செய். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார். ஒரு வார்த்தை தப்பாக விழுந்துவிட்டால் அந்த வாரமே எடுத்துவிடு. எனக்கு ஒரு வாரம் கழிந்ததும் வெட்கம் வந்தது, ஒரு மாதம் கழிந்ததும் பழக்கமானது, பிறகு அது வீட்டின் ஒரு சுவரைப் போல ஆகிவிட்டது. எல்லோரும் அதைச் சுற்றி நடந்தோம். நீயும் அதைச் சுற்றித்தான் வளர்ந்தாய். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மாமாவிடம் கேட்டது வேறு, இது வேறு. உனக்கு ஒரு தாய்மாமனை வாசலுக்கு வெளியே வைத்தே தந்தேன்.

கோபம் வந்தால் என்மேல் காட்டு. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு, புரிந்துகொள்வேன். ஆனால் மாமாவைக் காக்க வைக்காதே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். நான் கடிதம் அனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை. எனக்காக நீ எதுவும் கெஞ்ச வேண்டாம், பழையதைப் பேசவும் வேண்டாம். உனக்கு அவர் வேண்டும் என்றால், வீட்டு ஜெபம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். அவர், "அம்மை சொன்னாளா?" என்று கேட்பார்.

சொன்னாள் என்று சொல்.

அம்மா